மார்சாஷ்லொக்: மீன் பிடிக்கிற ஊரா, படம் பிடிக்கிற ஊரா?

கேள்வி: 9 அக்டோபர் 2024

நவம்பர் நடுவில் மால்டா தீவில் நான்கு நாள் இருப்போம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. மார்சாஷ்லொக் என்ற மீனவ ஊருக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கச் சொல்கிறார்கள். எங்கே தேடினாலும் "பாரம்பரியம்" என்று போட்டு அதே நாலு படகுப் படம். நிஜமாகவே மீன் பிடிக்கிற ஊரா, படம் பிடிக்கிற ஊரா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

9 அக்டோபர் 2024, இரவு 10.40

படம் பிடிக்கிற ஊர்தான். நான் இங்கே வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தலைநகர் வலேட்டாவிலிருந்து 81 அல்லது 85ஆம் எண் பேருந்து. ஏறும்போதே காலை ஊன்ற இடமில்லை. இறங்கினால் கரை நெடுகக் கடைகள். மீன் கடை நாலு என்றால் மேசைவிரிப்பு, தோல் பை, காலுறை, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் படகு விற்கிற கடை நாற்பது. படகுகள் அழகு, அதை மறுக்க முடியாது. லுட்சு என்று பெயர். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக, முகப்பில் பக்கத்துக்கு ஒரு கண். ஆனால் ஒரு படகிலும் ஆள் இல்லை. கொலுவில் வைத்த மாதிரி அசையாமல் நிற்கின்றன. அரை நாள் போதும். ஞாயிறு வேண்டாம்.

9 அக்டோபர், இரவு 11.15

இன்னொன்று. படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். அந்த அழகான படகுக்கு நேர் பின்னால் தெலிமாரா மின் நிலையம். அதை ஒட்டி, மின் நிலையத்துக்கான எரிவாயுவைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கப்பல் ஒன்று 2016இலிருந்து நகராமல் நிற்கிறது. வளைகுடாவின் மறு கரையில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் போலக் கிரேன்கள். எல்லாரும் படத்தை வெட்டித்தான் போடுகிறார்கள்.

10 அக்டோபர், காலை

எழுந்து பார்த்தால் எட்டுப் பேர் திட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு திட்டு நியாயமானது.

முதலாவது, எல்லாப் படகையும் லுட்சு என்று சொல்லிவிட்டேன். தப்பு. முன்னும் பின்னும் கூராக இருந்தால்தான் லுட்சு. பின்புறம் பலகை வைத்து அடைத்தாற்போலத் தட்டையாக இருந்தால் அது கய்யிக். நிறமும் கண்ணும் இரண்டுக்கும் உண்டு, அதனால் என்னைப் போன்றவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். என் பழைய படங்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நான் "லுட்சு" என்று பெயர் போட்டு வீட்டுக்கு அனுப்பிய ஒன்பதில் ஐந்து கய்யிக்.

இரண்டாவது, "கிரேன் நிற்பதும் துறைமுகம்தானே, அதில் வேலை செய்பவனும் இந்த ஊர்க்காரன்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. யோசிக்கிறேன்.

திட்டாமல், ஊர்ப் பெயரை மட்டும் "மார்சாக்ஸ்லோக்" என்று எழுதிய ஒருவருக்கு: அது மார்சாக்ஸ்லோக் இல்லை, மார்சாஷ்லொக். இவர்கள் மொழியில் எக்ஸ் எழுத்துக்கு "ஷ" ஒலி. மார்சா என்றால் துறை, ஷ்லொக் என்றால் தென்கிழக்குக் காற்று. நம் கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்கிற மாதிரி இவர்களுக்கும் திசைக்கு ஒரு பெயர் உண்டு. வடகிழக்கிலிருந்து வந்தால் கிரிகால், வடமேற்கிலிருந்து வந்தால் மய்யிஸ்த்ரால். அரபியின் கிளையாகப் பிறந்து, இத்தாலியச் சொற்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, ரோமன் எழுத்தில் எழுதப்படுகிற மொழி. ஓட்டுநரிடம் "மார்சாக்ஸ்லோக்" என்று சொன்னாலும் இறக்கிவிடுவார், கவலை வேண்டாம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

14 அக்டோபர்

ஞாயிறு வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நேற்று ஞாயிற்றுக்கிழமையே போனேன். காரணம் என் மனைவி. தூத்துக்குடிக்காரி. "மூணு வருஷமா இங்க இருந்துக்கிட்டு சூப்பர் மார்க்கெட்டுல செத்த மீனை வாங்கித் தர்றீங்க. அங்க சந்தை இருக்குதுன்னு ஊருக்கே எழுதுறீங்க, எங்கிட்ட சொல்லல" என்றாள். இந்த இழையைப் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

காலை எட்டரைக்குப் போய்விட்டோம். அந்த நேரத்தில் மேசைவிரிப்புக் கடைகள் பாதிதான் திறந்திருந்தன. முதல் கடையில் ஒரே சைஸில் வெள்ளி நிற மீன் அடுக்கியிருந்தது, அவுராத் என்று பெயர்ப் பலகை. இவள் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே அளவு. கடல்ல அச்சுல வார்த்த மாதிரியா வரும்? இது வளர்ப்பு மீன்" என்று நகர்ந்துவிட்டாள். மூன்று வருடம் அதைக் "கடல் மீன்" என்று நினைத்துச் சாப்பிட்டவன் நான். கடலில் கூண்டு வலை போட்டு வளர்க்கிறார்கள், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நான்தான் கேட்கவில்லை.

அடுத்த கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினாள். கடைக்கார அம்மாள் கையைத் தட்டிவிட்டார். "கண்ணால் பார், கையால் பார்க்காதே" என்றார். இவள் விடவில்லை. எந்த மீனைக் கேட்கிறாளோ அதை அவரையே தூக்கிச் செவுளை விரித்துக் காட்டச் சொன்னாள். நாலாவது மீனுக்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாங்கியது லம்பூக்கி. நெற்றி செங்குத்தாக, முதுகு நெடுக ஒரே துடுப்பு, உடம்பு வாள் மாதிரி ஒடுங்கிப் போகும். ஆங்கிலக்காரர்கள் மாஹி மாஹி என்கிற மீன். உயிரோடு இருக்கையில் பொன்னும் பச்சையுமாக மின்னும், செத்ததும் சாம்பலாகிவிடும். நாங்கள் வாங்கியதில் வயிற்றோரம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது அதுவும் இல்லை.

புளிக்குழம்பு. சதை கெட்டி, உடையவில்லை. இங்கே இதைக் கீரை, காலிஃபிளவர், ஆலிவ் எல்லாம் போட்டு மாவுக்குள் வைத்து சுடுவார்கள். அதையும் சாப்பிட்டிருக்கிறேன். குழம்பு என் ஓட்டு.

15 அக்டோபர்

"நாற்பது மேசைவிரிப்புக் கடை, நாலு மீன் கடை" என்று முதலில் எழுதியது மிகை. நேற்று முன்தினம் மீன் கடையை மட்டும் எண்ணினேன்: பதினொன்று. மற்றதை எண்ணப் பொறுமை இல்லை.

19 அக்டோபர்

"வார நாளில் விடியற்காலை போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்" என்று சவால் விட்டவருக்காக நேற்று, வெள்ளிக்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கூட வேலை பார்ப்பவர் வண்டியில் இறக்கிவிட்டார். மணி ஆறு. இருட்டு. சூரியன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

படகில் ஆள் இல்லை என்று எழுதினேன் அல்லவா. ஆள் இருந்தார்கள். நான் தூங்குகிற நேரத்தில்.

ஒரு வெள்ளைப் படகு வந்து கட்டியது. மரப் படகு இல்லை, ஃபைபர். நிறப் பட்டை இல்லை, கண்ணும் இல்லை. எந்த அஞ்சலட்டையும் இதை ஏற்றுக்கொள்ளாது. மூன்று பேர். முதலாளி உள்ளூர்க்காரர், மற்ற இருவர் எகிப்தியர்கள். பிளாஸ்டிக் பெட்டி பெட்டியாக லம்பூக்கி, மேலே ஐஸ். ஒரு வேன் பின்பக்கமாக வந்து நின்றது, இருபது நிமிடத்தில் எல்லாம் ஏறி மொத்தச் சந்தைக்குப் போய்விட்டது. படகைத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். காபி குடித்தார்கள். ஏழரைக்கு அந்த இடம் காலி. ஒன்பது மணிக்கு வருகிற பேருந்திலிருந்து இறங்குபவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். மூன்று வருடம் முன்பு நான் இறங்கியது ஒன்பது மணிப் பேருந்தில்.

எகிப்தியரில் இளையவர் கொஞ்சம் பேசினார். மால்டாக்காரர்கள் மீனுக்கு "ஹூத்" என்பார்கள். அவர் ஊரில் மீன் "சமக்", ஹூத் என்றால் திமிங்கலம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி "இருநூறு கிலோ ஹூத் வேண்டும்" என்றபோது, ஒரு திமிங்கலக் குட்டியைப் பிடிக்கப் போகிறோமாக்கும் என்று பயந்தாராம். இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, முதலாளி சிரிக்கவே இல்லை.

19 அக்டோபர், மாலை

நீளமாகிவிட்டது என்று பாதியை விட்டுவிட்டேன். அப்படியானால் மரப் படகுகள்?

எட்டு மணி வாக்கில் ஒரு பெரியவர் வந்தார். லுட்சுதான், நான் இப்போது பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்கிறேன். முதல் நாள் மாலை கரைக்குப் பக்கத்தில் போட்ட வலையை எடுத்து வந்திருந்தார். நவரை மாதிரிச் சிவப்பு மீன் ஒரு கை நிறைய, பேய்க்கணவாய் ஒன்று, பாறைமீன் கொஞ்சம். அவ்வளவுதான். படகின் பக்கவாட்டில் எம்எஃப்பி என்று தொடங்கும் பதிவெண். எம்எஃப்ஏ என்றால் முழுநேர மீனவர், எம்எஃப்பி என்றால் பகுதிநேரம். அதற்கப்புறம் கரை நெடுக நடந்து வெறும் பதிவெண்களைப் படித்துக்கொண்டே போனேன். வண்ணப் படகில் பெரும்பாலும் பி. கண்ணில்லாத வெள்ளைப் படகில் பெரும்பாலும் ஏ.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதிலை மாற்றுகிறேன். மீன் பிடிக்கிற ஊர்தான். பிடிக்கிற படகு வேறு, படத்தில் வருகிற படகு வேறு.

20 அக்டோபர்

இந்தக் கடைசி வரியைப் பத்துப் பேர் பாராட்டியிருக்கிறார்கள், ஒருவர் மட்டும் கேட்டிருக்கிறார்: "அந்தப் பெரியவர் பிடித்த பேய்க்கணவாய் கணக்கில் வராதா?" வரும். வரி நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காக உண்மையைக் கொஞ்சம் தட்டிவிட்டேன். அந்தப் படகும் பிடிக்கிறது, குறைவாகப் பிடிக்கிறது. அவ்வளவு.

21 அக்டோபர்

லம்பூக்கியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டவருக்கு. தூண்டிலில் என்று நான் பின்னூட்டத்தில் சொன்னது அரைகுறை.

இந்த மீனுக்கு நிழல் பிடிக்கும். நடுக்கடலில் ஒரு கட்டை மிதந்தாலும் அதன் அடியில் வந்து கூடிவிடும். அதை வைத்துத்தான் மொத்தத் தொழிலும். மிதவை ஒன்றைச் செய்து (முன்னே தக்கை, இப்போது தெர்மோகோல்), அதன் அடியில் ஈச்சமரத்து ஓலைகளைக் கட்டி, சுண்ணாம்புக்கல் பலகையை நங்கூரமாக இறக்கிவிடுகிறார்கள். கன்னிட்சாத்தி என்று பெயர். கரையிலிருந்து கடலுக்குள் நேர்கோடு போட்ட மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பல மைல் தூரம் போகும். யாருக்கு எந்தக் கோடு என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள், இல்லாவிட்டால் கடலில் வரப்புத் தகராறு. படகு ஒவ்வொரு மிதவையாகப் போய், அடியில் கூட்டம் இருந்தால் சுற்றி வலையை வளைத்து இழுக்கும். கூடவே ஃபன்ஃப்ரி என்ற வரிமீனும் மாட்டும். அது சுறாவோடும் கப்பலோடும் துணைக்குப் போகிற மீன், ஓலை நிழலையும் விடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 31 வரைதான் இந்த மிதவைத் தொழில். நீங்கள் நவம்பர் நடுவில் வருவதால் கிடைக்கும். ஜனவரியில் வருபவர்கள் லம்பூக்கி கேட்டால் உறைய வைத்ததுதான்.

தெர்மோகோல் கடைசியில் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பெரியவர் கையை விரித்தார், கடல் பக்கம்.

27 அக்டோபர்

தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். ஊருக்கு மேலே உள்ள குன்றுக்கு நடந்து போனேன். தாஸ் சில்ஜ். "பனியின்" என்று பொருள், பனிமாதா கோயில் இருப்பதால். பனியே பெய்யாத தீவில் பனிக்குன்று. அங்கே தோண்டியதில் வரலாற்றுக்கு முந்தைய கோயில், அதன் மேலே ஃபீனிசியர்களின் அஸ்தார்த்தே என்ற தெய்வத்தின் கோயில், பிறகு ரோமர்களின் ஜூனோ தேவி கோயில் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்கின்றன. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தால் கல்தான் தெரியும்.

ஆனால் கதை நல்ல கதை. சிசிலியின் ஆளுநராக இருந்த வெர்ரஸ் என்பவன் மேல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ வழக்காடியது கி.மு. 70இல். குற்றப் பட்டியலில் மால்டாவின் ஜூனோ கோயிலைக் கொள்ளையடித்ததும் ஒன்று. அந்தக் கோயிலில் பெரிய யானைத் தந்தங்கள் இருந்தன. அதற்கு வெகுகாலம் முன்பு மசினிஸ்ஸா என்ற நுமிடிய அரசனின் கடற்படைத் தலைவன் அவற்றை எடுத்துப் போய் அரசனுக்குக் கொடுத்தானாம். எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் அரசன் பதறிப்போய் ஒரு கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பி, தெரியாமல் வாங்கியதாகத் தந்தத்திலேயே எழுதியும் வைத்தான். கடற்கொள்ளைக்காரர்கள்கூடத் தொடாத கோயில், வெர்ரஸ் ஆள் அனுப்பித் துடைத்து எடுத்துவிட்டான் என்கிறார் சிசரோ.

இதில் எனக்குப் பிடித்தது வேறொரு வரி. வெர்ரஸ் மால்டாவில் காலே வைக்கவில்லை, ஆனால் மூன்று வருடம் பெண்களுக்கான துணி நெய்யும் பட்டறையாக அந்த ஊரை வைத்திருந்தான் என்கிறார். ஆக, ஞாயிற்றுக்கிழமை மேசைவிரிப்புக் கடைகளைப் பார்த்து "இதெல்லாம் புதுசாக வந்தது" என்று அலுத்துக்கொண்டேனே, துணி வியாபாரத்துக்கு இங்கே இரண்டாயிரம் வருடத்துப் பழமை.

2 நவம்பர்

சாப்பாட்டுக்கு எந்த இடம் என்று கேட்டவருக்கு: பெயர் சொல்ல மாட்டேன், எப்படி ஏமாந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். கரையோரத்தில் ஓர் உணவகம். பணியாள் தட்டில் பச்சை மீன்களை வைத்துக்கொண்டு மேசைக்கு வருவார். நீங்கள் ஒன்றைக் காட்டுவீர்கள். பட்டியலில் போட்ட விலை நூறு கிராமுக்கு. நான் அதை மீனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். பில் வந்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்துத் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். மீனைக் காட்டியதும் எடை போடச் சொல்லுங்கள், எடைக்கு என்ன விலை என்று கேளுங்கள், அப்புறம் தலையாட்டுங்கள். இல்லாவிட்டால் அல்யொத்தா என்ற மீன் சூப் வாங்கிக்கொள்ளுங்கள். பூண்டும் தக்காளியும் கொஞ்சம் அரிசியும் போட்டது, அம்மாவுக்கு ரசம் சாதம் மாதிரி இறங்கும்.

2 நவம்பர், பத்து நிமிடம் கழித்து

அம்மா சைவம் என்று இப்போதுதான் தனிச்செய்தி வந்தது. ரசம் சாதத்தை மறந்துவிடுங்கள். ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்த பஸ்தீட்சி என்ற பலகாரத்தை வாங்கிக் கொடுங்கள். மீன் நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல.

3 நவம்பர்

"பனிப்போர் முடிந்ததே இந்த மீனவ கிராமத்தில்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர் என்பதைவிட வளைகுடா என்று சொல்லலாம். 1989 டிசம்பர் 2, 3 தேதிகளில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் இங்கே கப்பலில் சந்தித்தார்கள். ஒரு நாள் அமெரிக்கப் போர்க்கப்பலில், ஒரு நாள் சோவியத் போர்க்கப்பலில் என்று திட்டம். புயல் வந்து எல்லாவற்றையும் கலைத்தது. கடைசியில் கட்டியிருந்த மாக்சிம் கோர்க்கி என்ற சோவியத் பயணிகள் கப்பலிலேயே பேசினார்கள். முதல் நாள் மாலை புஷ் தன் கப்பலிலிருந்து வரவே முடியவில்லை, விருந்து ரத்து. பத்திரிகைகள் கடல்மயக்க மாநாடு என்று கேலி செய்தன.

இந்த இடத்தின் காற்றை நம்பாதவர் ஒருவர் முன்பே இருந்தார். 1565இல் உதுமானியர்கள் மால்டாவை முற்றுகையிட வந்தபோது கப்பல்கள் நின்றது இதே வளைகுடாவில். கடற்படைத் தலைவர் பியாலி பாஷா, இங்கே காற்றுக்குப் பாதுகாப்பில்லை, கப்பல்களுக்கு வடக்கே வேறு துறை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தத் துறையின் வாயிலில் இருந்த சிறிய எல்மோ கோட்டையை முதலில் பிடிக்க வேண்டியதாயிற்று. "சிறிய" கோட்டை ஒரு மாதம் தாங்கியது. அங்கே இழந்த ஆட்களும் நாட்களும் கடைசிவரை ஈடாகவில்லை.

நானூற்றுச் சொச்சம் வருடம் கழித்து இரண்டு வல்லரசுகளில் யாராவது ஒருவர், டிசம்பரில் அங்கே நங்கூரம் போடலாமா என்று எம்எஃப்பி படகுப் பெரியவரைக் கேட்டிருக்கலாம்.

17 நவம்பர்

கேள்வி கேட்டவர் வந்துவிட்டுப் போய்விட்டார். அவர் எழுதுவார் என்று பார்த்தேன், எழுதவில்லை. வியாழக்கிழமை நான்தான் கூடப் போனேன்.

செயின்ட் பீட்டர்ஸ் பூல் என்ற பாறைக் குளத்துக்கு அம்மாவை அழைத்துப் போகும் யோசனையை முதலிலேயே கைவிட்டோம். ஊரிலிருந்து அரை மணிக்கு மேல் நடை, கடைசியில் வழுக்குப் பாறை. மகனும் மருமகளும் போய்வந்தார்கள். அம்மாவும் நானும் கரையில் ஒரு பெஞ்சில். அதே பெரியவர் தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். அம்மா அரை மணி நேரம் அந்தப் பெருவிரலையே பார்த்தார். "பூக்கட்டும்போது எங்க பாட்டியும் இப்படித்தான் கால் விரல்ல நாரை மாட்டிக்கும்" என்றார்.

படகுகளின் கண்ணைக் காட்டினேன். ஒசிரிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் கண் என்பார்கள், ஃபீனிசியர் காலத்து வழக்கம் என்பார்கள், கண்ணேறு கழிக்க என்பார்கள் என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். நம் லாரி முகப்பில் தொங்குகிற அசுர முகத்தையும் இழுத்துவந்தேன். அம்மா மதுரைக்காரர். கொஞ்சம் பொறுத்து, "திருஷ்டிக்குன்னா கோரமால்ல இருக்கணும்? இது மீனாட்சி கண்ணு மாதிரி. இமைக்காம பார்த்துக்கிட்டே இருக்கு" என்றார். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்று மீனாட்சிக்குச் சொல்வார்களே, அது. நான் லாரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்கலாமா என்பதுதானே கேள்வி. காலை எட்டுக்கு வந்தோம், மூன்றரைப் பேருந்தைப் பிடித்தோம். பஸ்தீட்சி மூன்று.

19 நவம்பர்

பேருந்துக் கட்டணம் கேட்டவருக்கு: உள்ளூர் அட்டை உள்ள எங்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். உங்களுக்கு இல்லை.

26 ஜனவரி 2025

இழையை யாரோ கிளப்பிவிட்டிருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பருவம் முடிந்து படகுகள் கரையேறிவிட்டன. பெரியவரின் லுட்சும் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. நேற்று வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். கரையில் ஏறி நிற்கும்போதுதான் உருவம் தெரிகிறது. நான் நினைத்ததைவிட வயிறு பெரிது. அடிப்பகுதியில் பழைய வண்ணங்கள் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்திருந்தன. ஓர் இடத்தில் நகத்தால் சுரண்டினால் பச்சைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே மஞ்சள். எல்லாவற்றையும் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். இரண்டு வாரத்து வேலையாம். ஃபைபர் படகு வைத்திருக்கும் மகன், "அடித்துக் கழுவினால் என் வேலை முடிந்தது" என்பானாம். அன்றைக்கு விடியலில் காபி குடித்துக்கொண்டிருந்த, சிரிக்காத முதலாளி இருந்தாரே, அவர்தான் மகன். மூன்று மாதம் கழித்துத் தெரிகிறது.

முகப்பின் மேல்விளிம்பில் வருகிற பட்டைக்கு மீசை என்று பெயர். அதன் நிறத்தை வைத்து எந்தத் துறைப் படகு என்று அடையாளம் சொல்வார்களாம். வீட்டில் சாவு விழுந்தால் கறுப்பு. பெரியவர் படகில் இந்த வருடம் மீசை கறுப்பு. நான் கேட்கவில்லை.

கண் படகில் வரைந்தது இல்லை. மரத்தில் செதுக்கித் தனியாக ஆணியடித்தது. அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெள்ளை பூசினார், பிறகு நீல விளிம்பு, பிறகு புருவம். கருவிழியை மட்டும் திரும்ப மாட்டிய பிறகுதான் வைப்பாராம். என்னைத் தகர டப்பாவைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நேராக இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் மேலே பார்க்கிறது என்றேன். "மேலேதான் பார்க்கணும், அலை அங்கேயிருந்துதான் வரும்" என்றார்.

9 ஆகஸ்ட் 2025

கரையில் ஈச்ச ஓலை குவித்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு. பக்கத்தில் சுண்ணாம்புக்கல் பலகைகள். இன்னும் ஆறு நாள். வருகிறவர்கள் செவ்வாய், புதனில் விடிவதற்கு முன்னால் வாருங்கள். ஞாயிறு வேண்டாம் என்று முதல் நாள் எழுதினேனே, இந்த இழையில் நான் திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான். அதையும் திருத்தச் சொல்லி மனைவி பக்கத்தில் நிற்கிறாள், கையில் மீன் பை.